கூழ் குடிக்க பிலாவிலை தேடிப் போன கதை

போன ஞாயிறு ராத்திரி படுக்கப் போகேக்க என்ர ரெண்டு கையிலயும் நண்டு மணம், புளி மணம், விறகுப் புகை மணம் எல்லாம் சேந்து கிடந்துது, மூண்டு தரம் சோப் போட்டும் போகேல்ல, தேசிக்காய் தேச்சும் போகேல்ல. திங்கள் காலமை அப்பிடியே ஒபிஸுக்குப் போய் இருந்தா பக்கத்து மேசை அண்ணா மூக்கைச் சுருக்கிப்போட்டு "என்ன தங்கச்சி, வீட்டில விசேஷமோ" எண்டு கேட்டார். விசேஷம் ஒண்டும் இல்லை அண்ணா, மொட்டை மாடியில கூழ் காய்ச்சினனாங்கள் எண்டு சொன்னன். அவர் சிரிச்சார். முழுக் கதையையும் அவருக்குச் சொல்ல நேரம் இல்லை, அதுதான் இஞ்ச எழுதுறன்.

நாங்கள் அஞ்சு பேர். நான் யாழ்ப்பாணம், வேலைக்கெண்டு வந்து வெள்ளவத்தையில ஒரு அபார்ட்மென்ட்ல அஞ்சாம் மாடியில இருக்கிறன். ரூம்மேட் திருகோணமலை. மற்றவள் எட்டியாந்தோட்டை, தோட்டத்துப் பிள்ளை, இப்ப கொள்ளுப்பிட்டியில வேலை. நாலாவது கொட்டாஞ்சேனைக்காரன், பிறந்து வளந்தது எல்லாம் கொழும்பு, ஆம்பிளை பொம்பிளை வித்தியாசமில்லாமல் எல்லாரையும் "மச்சி" எண்டுதான் கூப்பிடுவான், ஒருக்கா என்ர அம்மாவையும் வாய் தவறிக் கூப்பிட்டவன். அஞ்சாவது எங்கட ஒபிஸ்ல எனக்கு முன் கதிரையில இருக்கிற சிங்களப் பிள்ளை, கம்பஹாவில இருந்து ஒவ்வொரு நாளும் கோச்சியில வந்து போறவள். நாங்கள் அஞ்சு பேரும் ஒரே மேசையில இருந்து சாப்பிட்டா அதே கறியை நான் உறைப்பு எண்டுவன், எட்டியாந்தோட்டைக்காரி காரம் எண்டுவாள், கம்பஹாக்காரி "செர" எண்டுவாள், கடைசியில எல்லாரும் தண்ணிதான் குடிப்பம்.

முந்தி எங்கட வீகென்ட் எண்டா கஃபேதான். சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு ஏசி ரூமுக்குள்ள போய், ஒரு ஐஸ் கோப்பியை ரெண்டு மணித்தியாலம் உறிஞ்சிக்கொண்டு, படம் எடுத்து, படத்தைப் போட்டு, படத்துக்கு யார் லைக் போட்டது எண்டு பாத்து... கதைக்க வேண்டிய கதை வாயில வாற நேரம் பில் வந்திடும். பில்லைப் பங்கு பிரிக்க அரை மணித்தியாலம். எனக்கு உதில ஒரு கோவம் கனநாளா இருந்தது, ஏனெண்டா காசு குடுத்து வாங்கின கதிரையில ஒருநாளும் காலை மடக்கி இருக்க ஏலாது, காலை மடக்கி இருக்காமல் எனக்குக் கதை வராது.

2022 வந்து எல்லாத்தையும் மாத்திப் போட்டுது. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. கஃபே எண்ட நினைப்பே இல்லை. அதுக்கு முதல் வருஷம், 2021ல, ரசாயன உரம் இறக்குமதி செய்யக் கூடாது எண்டு நிப்பாட்டி, பேந்து நவம்பர்ல திருப்பி விட்டாலும் வயலும் தோட்டமும் அடிவாங்கினது வாங்கினதுதான். மார்க்கெட்ல பச்சை மிளகாய் கிலோ ஆயிரத்தைத் தாண்டின ஒரு நாள் நான் கால் கிலோ கேக்க வாயெடுத்து, நூறு கிராம் எண்டு மாத்தினது இப்பவும் ஞாபகம் இருக்கு. ஜூன் மாசம் அரசாங்க வேலை செய்யிற ஆக்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டில பயிர் செய்யச் சொன்னவை. எங்களுக்கு அந்த லீவும் இல்லை, நாங்கள் பிரைவேட். எண்டாலும் எங்கட மொட்டை மாடி சும்மாதான் கிடந்துது, தண்ணித் தாங்கியும் உடுப்புக் கொடியும் மட்டும். கொட்டாஞ்சேனையான் சொன்னான், "மச்சி, மிளகாய்க் கண்டு நாலு வச்சா என்ன?"

நாலு மிளகாய்க் கண்டுதான். அப்பிடித் தொடங்கினதுதான்.

சாடி வாங்கக் காசில்லை, அதனால பெயின்ட் வாளி, வெட்டின தண்ணிக் கான், மீன்காரர் எறியிற ரெஜிஃபோம் பெட்டி எண்டு கிடைச்சதெல்லாம் பொறுக்கினம். அடியில ஓட்டை போட சூடாக்கின ஆணி. செம்மண் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, மாட்டெரு ஒரு பங்கு. தும்புத்தூள் கட்டியை நீங்கள் ஊறப்போட்டுப் பாக்க வேணும், செங்கல் அளவு கிடந்தது வாளி நிறைய வந்து நிக்கும், முதல் தரம் தெரியாமல் ரெண்டு கட்டியை ஒரே வாளியில போட்டு அது வெளியில வழிஞ்சு தண்ணி போற பீலியை அடைச்சு, உடுப்புக் காயப்போட வந்த ஆக்களிட்ட வாங்கின பேச்சு கொஞ்ச நஞ்சம் இல்லை. அதைவிடப் பெரிய பிழை மாட்டெருவை லிஃப்ட்ல ஏத்தினது. காஞ்ச எரு எண்டு சொல்லித்தான் தந்தவங்கள், ஆனா மூடைக்குள்ள நடுவில ஈரம். அஞ்சு மாடி ஏற முதல் லிஃப்ட் முழுக்க மணம். அண்டைக்குப் பின்னேரம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல மூண்டாம் மாடி அன்ரி ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டா, ரெண்டு நிமிஷம் நாப்பது செக்கன், "இது அபார்ட்மென்டோ மாட்டுக் கொட்டிலோ" எண்டு தொடங்கி. அன்ரி புங்குடுதீவு. அவவின்ர குரலுக்கு மைக் தேவையில்லை, வொய்ஸ் மெசேஜும் தேவையில்லை, ஜன்னலைத் திறந்து சொல்லியிருந்தா கடலுக்கே கேட்டிருக்கும்.

கடல் எண்ட உடன அதையும் சொல்லிப்போடுறன். மரீன் டிரைவ் பக்கம் மொட்டை மாடியில தோட்டம் செய்யப் போற ஆருக்கும் நான் சொல்லுற முதல் விஷயம் உப்பு. மே மாசம் சோழகக் காத்து எழும்பினா செப்டெம்பர் மட்டும் காத்துக்குள்ள உப்புத்தான். தக்காளி இலை ஓரத்தில இருந்து கருகிக்கொண்டு வரும், நெருப்பில வாட்டின மாதிரி. நாங்கள் முதல்ல நோய் எண்டு நினைச்சு வேப்பெண்ணெய் எல்லாம் அடிச்சம், பேந்து ஒருநாள் ரூம்மேட் இலையை நாக்கில வச்சுப் பாத்துப்போட்டு "உப்படி" எண்டாள். திருகோணமலைக்காரி, கடல் தெரிஞ்சவள். அதுக்குப் பிறகு காலமையில நல்ல தண்ணியால இலையைக் கழுவி விட்டம், மேற்குப் பக்கம் பச்சை நெட் கட்டினம், எண்டாலும் தக்காளி ரெண்டு வருஷமும் தோல்விதான், நான் கைவிட்டுட்டன். முருங்கை, பசளி, கங்குங், கருவப்பிலை, ரம்பை ஒண்டுக்கும் ஒண்டும் ஆகேல்ல. வல்லாரை நிழல்ல வச்சா பெட்டி நிறையப் படரும். பயித்தங்காய் நெட்டுக்கு உள்பக்கம் கொடி விட்டா காய்க்கும். மிளகாய் ஒரு மாதிரி, மனம் வந்தா காய்க்கும்.

கருவப்பிலையில ஒரு புழு வரும், சின்னதில காகம் எச்சம் போட்ட மாதிரியே இருக்கும், அதாலதான் குருவி தொடாது, வளந்தாப் பிறகு பச்சையாகி இலை நிறத்துக்கே மாறிடும். நான் பிடிச்சு எறியப் போக கம்பஹாக்காரி விடேல்ல, அது வண்ணத்துப்பூச்சியின்ர பிள்ளை எண்டு. கடைசியில ஒரு கண்டை அதுகளுக்கெண்டு விட்டம். இப்ப அந்தக் கண்டில ஈர்க்குத்தான் மிச்சம், பூச்சி மட்டும் நல்லாப் பறக்குது.

டெங்கு செக் பண்ண வந்தவர் சாடிக்குக் கீழ வச்ச தட்டுத் தண்ணியில டோர்ச் அடிச்சுப் பாத்து, நெளியிற புழுவைக் காட்டினது எங்களுக்கு வெக்கக்கேடு. பிழை முழுக்க எங்களிலதான். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும் எண்டு அவர் பொறுமையா விளங்கப்படுத்தினார். அண்டைக்கே தட்டெல்லாம் எறிஞ்சாச்சு, இப்ப அடியில செங்கல் துண்டுதான். வொய்ஸ் மெசேஜ் அன்ரி இதையும் குரூப்ல சும்மா விடேல்ல எண்டு தனியாச் சொல்லத் தேவையில்லை.

இப்பிடியே தோட்டம் எங்களைப் பிடிச்சிழுத்து வீகென்டை மாத்திப் போட்டுது. காலமை தண்ணி விட்டு, களை பிடுங்கி, பத்து மணிக்கு நிழல்ல பாய் போட்டு இருந்து ஆளாளுக்குக் கொண்டு வந்ததைச் சாப்பிடுறது. ரூம்மேட் அவிக்கிற குரக்கன் புட்டு, கொட்டாஞ்சேனையான்ர அம்மா குடுத்து விடுற மாசிச் சம்பல், அண்டைக்குப் பிடுங்கின வல்லாரை. வல்லாரைச் சம்பல் எண்டா நான் விட்டுக்குடுக்க மாட்டன். கட்டா சேத்துப் பிடிச்சு, கத்தி தலைமயிர் அளவு நகர்ந்து நகர்ந்து வெட்ட வேணும், பிறகு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டு கையால பிசையாமல் உதறிக் கலக்க வேணும், தேசிக்காய் சாப்பிடுற நேரம்தான் விட வேணும், முதலே விட்டா கறுத்துப் போகும். எங்க வெளியில போறதெண்டாலும் இதே பழக்கம்தான், சாப்பாடு எங்கட கையில. காலிமுகத்திடலுக்குப் போனா மட்டும் இறால் வச்சுப் பொரிச்ச இஸ்ஸோ வடைக்கு விதிவிலக்கு. அங்க ஒரு கல்லு இருக்கு, பாத்திருப்பியள், 1856ல தொடங்கி 1859ல முடிச்ச நடைபாதை, கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளையளுக்குமாகப் பின்னால வாற ஆளுநர்மார் இதைப் பேண வேணும் எண்ட மாதிரி ஆளுநர் வார்ட்டின்ர பேரில வெட்டி வச்சிருக்கு. நாங்கள் பொம்பிளையள் நாலு பேர் புல்லில இருந்து வடை கடிக்கிறதும் அந்தக் கணக்கில சேரும்தானே. கொட்டாஞ்சேனையான் பிள்ளையள் கணக்கில.

ஒருக்கா கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கும் விடிய வெள்ளனப் போனனாங்கள். 2018ல, ரம்சார் எண்ட சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்ர பேரில கொழும்பை ஈரநில நகரம் எண்டு அறிவிச்சவை, அது வெறும் பேரில்லை, அந்தப் பலகைப் பாதையில நடந்தா விளங்கும், நாலு பக்கமும் சேறும் புல்லும், நீல உடம்பு சிவப்புச் சொண்டோட கோழி மாதிரி ஒண்டு எங்களைக் கணக்கில எடுக்காமல் நடந்து போகுது. மழை பெய்தா வெள்ளத்தைப் பிடிச்சு வைக்கிறதும் இந்தச் சதுப்புத்தான். நுளம்பும் உண்டு, சொல்லிப்போட்டன்.

சரி, கூழுக்கு வாறன்.

முருங்கையும் பயித்தங்காயும் நல்லா வந்த ஒரு நாள் நான்தான் வாயைக் குடுத்தன், எங்கட தோட்டத்துச் சாமானில ஒரு ஒடியல் கூழ் காய்ச்சினா என்ன எண்டு. ஒடியல் எண்டா காயவைச்ச பனங்கிழங்கு, அதின்ர மாவிலதான் எங்கட ஊர்க் கூழ். வெள்ளவத்தையில இருந்துகொண்டு ஒடியல் மாவுக்குக் கவலைப்படத் தேவையில்லை, காலி ரோட்டில ரெண்டு கடை ஏறி இறங்கினா ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, மோர் மிளகாய் எல்லாம் யாழ்ப்பாண பஸ்ஸில வந்து இறங்கி இருக்கும். பலாக்கொட்டை கிடைக்கும். மரவள்ளி கிடைக்கும். நண்டு, இறால், பாரைத் தலை கிடைக்கும். எல்லாம் சரி, எதில ஊத்திக் குடிக்கிறது?

"சிரட்டையிலதான், வேற என்ன" எண்டன் நான். கொட்டாஞ்சேனையான் தான் பத்துச் சிரட்டை மினுக்கிக் கொண்டு வாறன் எண்டான்.

அப்பதான் எட்டியாந்தோட்டைக்காரி சொன்னாள், "நான் செரட்டைல குடிக்க மாட்டேன். என்னைய விட்டுருங்க."

நாங்கள் பகிடி எண்டு நினைச்சம். அவள் சிரிக்கேல்ல. "எங்கம்மா பதினெட்டு வருஷம் பால் வெட்டுனவங்க" எண்டாள். அவ்வளவுதான். எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ரப்பர் மரத்தில பால் பிடிக்கிறது சிரட்டையில. காலமை வெயில் ஏற முதல் மரம் மரமாப் போய் பட்டையைச் சரிவா ஒரு நூல் அளவு சீவி விட்டா பால் வடிஞ்சு சிரட்டைக்குள்ள சொட்டும், பேந்து சுத்தி வந்து எல்லாத்தையும் வாளியில ஊத்த வேணும், சிரட்டையில ஒட்டிக் காஞ்ச பாலை உரிச்செடுக்க வேணும். அது புளிச்சு நாறும். இஸ்கூல் விட்டு வந்தா உரிச்சுப் போடுறது இவளின்ர வேலை. "இப்பவும் செரட்டையப் பாத்தா அந்த வாடை மூக்குல வரும், நீ நண்டு போட்டுக் குடுத்தாலும் எனக்கு ரப்பர் பால்தான்."

கோப்பையில குடிக்கலாமே எண்டு கொட்டாஞ்சேனையான் கேட்டான். என்னால ஏலாது, கோப்பையில குடிச்சா அது கூழ் இல்லை, சூப். எங்கட ஊரில சிரட்டை இல்லாட்டி பிலாவிலையைக் கோலிக் குடிக்கிறது. ஆனா வெள்ளவத்தையில பிலா மரத்துக்கு எங்க போறது? ரூம்மேட் யாரோட வீட்டு மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து ஒரு மரத்தைக் கண்டுபிடிச்சாள், கிட்டப் போய்ப் பாத்தா அது ஈரப்பலா, இலை கை விரிச்ச மாதிரிக் கிழிஞ்சு கிழிஞ்சு கிடக்கும், அதில கூழ் ஊத்தினா மடியிலதான் நிக்கும்.

கம்பஹாக்காரி இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்துபோட்டு, "கொஸ் கொளவா, பிலாவிலையா? எங்க வீட்டுக்குப் பின்னால அஞ்சு மரம் இருக்கே" எண்டாள்.

அதுதான் கோச்சிப் பயணம். சனிக்கிழமை காலமை வெள்ளவத்தை ஸ்டேஷன்ல ஏறி, கோட்டையில இறங்கி மாறி, களனி, ராகம, கணேமுல்ல எண்டு கம்பஹா. வாழையிலை வாட்டிக் கட்டின பார்சல் அஞ்சு, சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சூடை மீன் பொரியல், அவிச்ச முட்டை. ராகம தாண்ட முதலே இலை மணம் பெட்டி முழுக்கப் பரவி முன் சீட்டில இருந்த ஒரு ஐயா திரும்பித் திரும்பிப் பாத்தார், பாவம்.

போறதே போறம் எண்டு ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவுக்கும் போனம், ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரம்தான். பேராதனை மாதிரிக் கூட்டம் இல்லை. 1876ல தொடங்கினது. நுவரெலியாப் பக்கம் ஹக்கல பூங்காவை, மலேரியா மருந்து எடுக்கிற சின்கோனா மரத்துக்கெண்டு திறந்த மாதிரி இதை ரப்பருக்கெண்டே திறந்தவை, தாழ்நிலமும் சூடும் மழையும் ரப்பருக்கு வேணும். பிரேசில்ல இருந்து விக்ஹாம் எண்ட வெள்ளைக்காரர் 70,000 விதை அள்ளிக்கொண்டு லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்க முளைச்சது கொஞ்சம்தான், அதில பெரும்பங்கைக் கண்ணாடிப் பெட்டியில அடுக்கிக் கப்பல்ல இலங்கைக்கு அனுப்பினது. ஆசியாவில ரப்பர் வேரூண்டின இடங்களில இது முதலாவது.

இதெல்லாம் நான் பெரிய கைட் மாதிரிச் சொல்லிக்கொண்டு போறன், எட்டியாந்தோட்டைக்காரி ஒரு கிழட்டு ரப்பர் மரத்துக்கு முன்னால நிண்டுட்டாள். நான் நினைச்சன் அழப்போறாளாக்கும் எண்டு. அவள் பட்டையில கையை வச்சு, பழைய வெட்டுத் தழும்பை விரலால தடவிப் பாத்துப்போட்டு, "இவ்ளோ தூரம் டிக்கட் எடுத்து ரப்பர் மரமாடி பாக்க வந்தேன்? இதுக்கு எங்க லயத்துக்கே போயிருக்கலாம்" எண்டாள். பேந்து கொஞ்சம் தள்ளிப் போய், "வெட்டுனவன் தெரியாத ஆளு. ரொம்ப ஆழமா எறக்கி மரத்தப் புண்ணாக்கியிருக்கான். எங்கம்மா வெட்டுனா மரத்துக்கே தெரியாது" எண்டு சொன்னாள். அதைச் சொல்லேக்க அவளின்ர முகத்தில இருந்தது பெருமைதான், எனக்கு வேற பேர் வைக்கத் தெரியேல்ல. அடியில விழுந்து கிடந்த விதை ரெண்டை எடுத்துக் கல்லில தேச்சு கொட்டாஞ்சேனையான்ர கழுத்தில வச்சாள், சூடு தாங்காமல் அவன் குதிச்ச குதிப்பு! மழை நாளில பால் வெட்ட ஏலாது, வெட்டாட்டி அண்டைக்குச் சம்பளம் இல்லை, அதால தனக்கு இப்பவும் காலமையில மழைச் சத்தம் கேட்டா வயித்தைக் கலக்கும் எண்டு நடந்துகொண்டே சொன்னாள். ஏழு வருஷப் பழக்கம், இவ்வளவு நாளும் கஃபேயில எத்தினை தரம் இருந்திருப்பம், ஒருநாளும் இது வந்ததில்லை.

பார்சலை மரத்தடியில பதினொரு மணிக்கே பிரிச்சுச் சாப்பிட்டது மடத்தனம், ஏனெண்டா கம்பஹாக்காரி வீட்டில அவளின்ர அம்மா பொலொஸ் எண்ட பிஞ்சுப் பிலாக்காய்க் கறியும், கருவாடும், சிவப்பரிசிச் சோறும், நாலு வகைச் சுண்டலும் எண்டு மேசை நிரப்பி வச்சுக்கொண்டு இருந்தா. சாப்பிடேல்ல எண்டா மனம் நோகும். சாப்பிட்டம். மூச்சு விட ஏலாமல் சாப்பிட்டம்.

பிறகு தோட்டத்துக்குப் பின்னால பிலா மரம். கொட்டாஞ்சேனையான் ஏறுறன் எண்டு ரெண்டடி ஏறிச் சறுக்கி இறங்க, கடைசியில அந்த அம்மாவே கொக்கத்தடியால கொப்பை வளைச்சுத் தந்தா. முத்தின இலை வேணும், ஆனா பழுத்திருக்கக் கூடாது, மடிச்சா வெடிக்கக் கூடாது. நாங்கள் ஒரு சொப்பிங் பை நிறையப் பறிக்கிறதைப் பாத்து வேலிக்கு அங்கால இருந்து ஒரு ஆள் கேட்டார், "எளுவன்டத?" ஆட்டுக்கோ எண்டு. எங்கள் அஞ்சு பேரையும் ஆடாக்கிப்போட்டார் மனுசன். கம்பஹாக்காரி சிரிச்சுச் சிரிச்சு நிலத்தில இருந்திட்டாள்.

கூழ் எண்டா என்ன எண்டு நான் என்ர அரைகுறைச் சிங்களத்தில விளங்கப்படுத்த, அந்த அம்மா "ஆ, கெந்த!", கஞ்சிதானே எண்டு போட்டு ஒரு இலையை எடுத்தா. நுனியை உள்ளுக்கு மடிச்சு, ரெண்டு ஓரத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டு சுத்தி, தென்னோலை ஈர்க்கை முறிச்சுக் குத்தினா. ஒரே இழுவையில முடிஞ்சுது. இதுக்குப் பேர் கொட்டுவவாம், சின்ன வயசில இலைக்கஞ்சி இதிலதான் குடிச்சவவாம். நான் வாயைப் பிளந்துகொண்டு நிண்டன், ஏனெண்டா எங்கட அம்மம்மா கோலுறதும் இதேதான், அவ நுனியை மடிக்க மாட்டா, காம்புப் பக்கத்தைக் கையில பிடிக்க விடுவா, அது ஒண்டுதான் வித்தியாசம். நான் அம்மம்மா முறையில ஒண்டு கோலிக் காட்டினன். அவ வாங்கிப் பாத்து, தண்ணி ஊத்தி, கீழால ஒழுகிறதைக் காட்டிப்போட்டுத் தன்ரதிலயும் ஊத்திக் காட்டினா. ஒரு சொட்டு இல்லை. சரி, தோல்வியை ஒப்புக்கொண்டன்.

வரேக்க ஒரு அம்பரல்லாக் கண்டும் ரெண்டு பலாக்கொட்டைப் பையும் தந்து விட்டா. இலையை நனைச்ச பேப்பரில சுத்திக் கொண்டு வந்தம், அடுத்த நாளைக்கும் வாடேல்ல.

ஞாயிறு காலமை அஞ்சு மணிக்கே ஒடியல் மாவைத் தண்ணியில ஊறப்போட்டன். மா அடியில இறங்கினாப் பிறகு மேல நிக்கிற தண்ணியை வடிச்சு ஊத்தி, திருப்பி நல்ல தண்ணி விட்டு, திருப்பி வடிச்சு... இதைச் செய்யாட்டி கூழ் கசக்கும். மொட்டை மாடியில மூண்டு செங்கல்லு, பெரிய பானை, 2022ல காஸ் இல்லாத நேரம் பழகின அதே அடுப்பு. கொதி தண்ணிக்குள்ள ஒரு பிடி சிவப்பரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, எங்கட பயித்தங்காய். அது அரை அவியலாக பாரைத் தலை, நண்டு, இறால். கொட்டாஞ்சேனையான் நண்டு உடைக்கத் தெரியும் எண்டு வீரம் பேசி விரலை வெட்டிக்கொண்டான், பெரிசா இல்லை. பேந்து செத்தல் மிளகாய் அரைச்ச கூட்டு, மஞ்சள், புளிக் கரைசலோட கரைச்ச ஒடியல் மா. மா போட்டாப் பிறகு கையை எடுக்கக் கூடாது, துழாவிக்கொண்டே இருக்க வேணும், அடிப்பிடிச்சா எல்லாம் போச்சு. கலங்கல் தண்ணியா இருந்தது மெல்ல மெல்ல மினுங்கத் தொடங்கும், துடுப்பில இருந்து விழுகிற துளி நூலா நீளும், அப்ப ஒரு பிடி முருங்கையிலை போட்டு இறக்கினா சரி. முருங்கையிலை நாலடி தள்ளி நிண்ட மரத்தில இருந்து அப்பதான் உருவினது.

மணம் படியால இறங்கிப் போயிருக்க வேணும். மூண்டாம் மாடி அன்ரி, வொய்ஸ் மெசேஜ் அன்ரி, மேல வந்தா. நான் பயந்துட்டன், புகைக்குச் சண்டைக்கு வாறாவாக்கும் எண்டு. அவ ஒண்டும் பேசேல்ல. பானைக்குள்ள எட்டிப் பாத்தா. "ஒடியலோ?" எண்டா. ஓம் அன்ரி எண்டன். கதிரை எடுத்துப் போட்டம், அவ பாயிலயே இருந்தா, காலை மடக்கி.

எட்டியாந்தோட்டைக்காரிதான் முதல் இலையைக் கோலினாள், கம்பஹா அம்மா முறையில, நுனி மடிச்சு. தானே ஊத்திக் குடிச்சாள், ஊதி ஊதி, கண்ணில தண்ணி வர, "காரம்டி" எண்டு சொல்லிக்கொண்டு ரெண்டாவது இலையையும் நீட்டினாள். பிறகு அன்ரிக்கு ஒண்டு கோலிக் குடுத்தாள். அன்ரி இலையை வாங்கி ரெண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் கடல் பக்கம் பாத்துக்கொண்டு இருந்தா, நாங்கள் எல்லாரும் அவவின்ர வாயையே பாத்துக்கொண்டு இருந்தம். ஒரு மிடறு குடிச்சா. இன்னொரு மிடறு.

"பிள்ளையள், உப்புக் காணாது" எண்டா.